ஆர்க்கிட் தொட்டிகளுக்குப் பக்கத்தில் வீட்டுக்குள் எந்தச் செடிகளை வைக்கலாம்? மதுரை வெயிலுக்கு ஏற்றவை வேண்டும்

கே.கே.நகர் சன்னல் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக் கூடத்தில் கிழக்குப் பார்த்த அகலமான சன்னல் ஒன்று இருக்கிறது. அதன் திண்டில் ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட்டுகள் சிலவும் ஒரு டென்ட்ரோபியம் ஆர்க்கிட்டும் நல்ல நிலையில் வளர்ந்து வருகின்றன. பூவில்லாத மாதங்களில் அந்த இடம் நாலைந்து தடித்த இலைகளும் தொட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வேர்களுமாக மொட்டையாகத் தெரிவதால், சுற்றிலும் சில இலைச்செடிகளைச் சேர்க்க விரும்புகிறேன். செடிகளைக் கூட்டமாக வைத்தால் ஆர்க்கிட்டுக்கு வேண்டிய ஈரப்பதமும் தானாகக் கிடைத்துவிடும் என்று எல்லா இடங்களிலும் எழுதியிருக்கிறார்கள்.

இணையத்தில் கிடைக்கும் பட்டியல்கள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கின்றன: பாஸ்டன் பெர்ன், பீஸ் லில்லி, கலாத்தியா, பிரோமிலியாட், மணி பிளாண்ட். ஆனால் அவற்றை எழுதியவர்கள் குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டுக்கொண்டு வாழும் ஊர்க்காரர்கள். சித்திரை, வைகாசியில் நம் வீட்டுச் சுவர் இரவு பத்து மணிக்கும் அனலாக இருப்பது அவர்கள் கணக்கில் வராது. நம் ஊரில் வளர்த்துப் பார்த்தவர்கள் எதை வைக்கச் சொல்கிறீர்கள், எதை வேண்டாம் என்கிறீர்கள்?

ஒத்தக்கடைத் தோட்டம்

பட்டியலிலிருந்து தொடங்காமல் ஆர்க்கிட்டிலிருந்து தொடங்கினால் குழப்பம் குறையும். ஃபெலனாப்சிஸ் தென்கிழக்கு ஆசியக் காடுகளில் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வளரும் செடி. அதன் வேரைச் சுற்றி வெலாமென் என்னும் பஞ்சு போன்ற உறை உண்டு. நனைந்தால் வேர் பச்சையாகத் தெரியும், உலர்ந்தால் வெளிறிய வெள்ளிச் சாம்பல் நிறத்துக்குத் திரும்பிவிடும். இந்த நனைதலும் உலர்தலும் மாறி மாறி நடந்தால்தான் வேர் அழுகாமல் இருக்கும்.

பட்டியலில் உள்ள செடிகளில் பெரும்பாலானவை இதற்கு நேர்மாறானவை. பெர்னும் கலாத்தியாவும் மண் ஒருநாள் காய்ந்தாலும் முகம் வாடிவிடும். அதற்காக அவற்றை ஆர்க்கிட்டுக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. ஒளியையும் வெப்பத்தையும் சன்னல்தான் முடிவு செய்கிறது, அவற்றை நாம் மாற்ற முடியாது. ஆகவே அந்த இரண்டிலும் ஆர்க்கிட்டோடு ஒத்துப்போகும் செடியைத்தான் தேட வேண்டும். தண்ணீர் நம் கையில் இருக்கிறது. தொட்டிகள் தனித்தனியாக இருக்கும்வரை ஒன்றுக்கு இன்றைக்கும் மற்றொன்றுக்கு நான்கு நாள் கழித்தும் ஊற்றிக்கொள்ளலாம். நர்சரிகளில் அழகுக்காக ஒரே பீங்கான் சட்டியில் ஆர்க்கிட்டையும் பெர்னையும் ஃபிட்டோனியாவையும் சேர்த்து நட்டு விற்கிறார்களே, அது பரிசு கொடுப்பதற்கு மட்டுமே உரியது. வாங்கினால் அன்றைக்கே பிரித்துவிடுங்கள்.

ஒளியைப் பொறுத்தவரை ஃபெலனாப்சிஸுக்குச் சுமார் 10,000 முதல் 15,000 லக்ஸ் போதும். டென்ட்ரோபியத்துக்கு அதைப்போல் இருமடங்கோ அதற்கு மேலோ வேண்டும். ஒளியை அளக்கும் கைபேசிச் செயலி தரும் அளவு துல்லியமாக இராது என்றாலும் ஒரு திண்டின் இரு முனைகளை ஒப்பிட்டுப் பார்க்க அது போதுமானது. உங்கள் கிழக்குச் சன்னலில் கண்ணாடியை ஒட்டி டென்ட்ரோபியம், அதற்குப் பின்னால் ஃபெலனாப்சிஸ், அறைக்குள் சற்றுத் தள்ளி அக்லோனிமா, பீஸ் லில்லி என்ற வரிசை இயல்பாகவே அமைந்துவிடும். ஃபெலனாப்சிஸ் இருக்கும் அதே ஒளியில் நன்றாக வருபவை பெப்பரோமியா, ஹோயா, ஆந்தூரியம், ஆப்பிரிக்க வயலட், பறவைக்கூடு பெரணி ஆகியவை. இவற்றில் ஹோயாவும் பறவைக்கூடு பெரணியும் காட்டில் மரத்தில் தொற்றி வளர்பவை என்பதால் தேங்காய் மட்டைத் துண்டும் அடுப்புக்கரியும் கலந்த கலவையிலேயே வளர்த்துவிடலாம்.

திருநகர் மாடி

ஐயா சொன்னதில் வரிசை அமைப்பை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கேள்வியில் உள்ள ஈரப்பதக் கணக்கை யாரும் தொடவில்லையே. திண்டில் பத்துப் பன்னிரண்டு தொட்டிகளைச் சேர்த்து வைத்து, நடுவில் ஓர் ஈரப்பதமானியும் அறையின் மறுகோடியில் இன்னொன்றும் வைத்துப் பார்த்தேன். சன்னல் திறந்து மின்விசிறியும் ஓடும் வீட்டில் இரண்டுக்கும் சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடே இல்லை. இலைகள் நீராவியை விடுகின்றன என்பது உண்மைதான். விட்ட நொடியிலேயே காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. கூழாங்கல் தட்டில் தண்ணீர் வைப்பதும் இதே கதைதான், தட்டிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மேல் அதன் பயன் தெரிவதில்லை.

ஏப்ரல், மே மாதப் பிற்பகல்களில் என் மானி நாற்பது விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. ஃபெலனாப்சிஸ் விரும்புவது ஐம்பதிலிருந்து எழுபது வரை. அந்த இடைவெளியைப் பெர்ன் நிரப்பாது, ஏர் கூலர்தான் நிரப்பும். தண்ணீரை ஆவியாக்கித்தான் அது குளிர்விக்கிறது என்பதால் வெப்பம் இறங்குவதும் ஈரப்பதம் ஏறுவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. காற்று நேராக இலைமேல் அடிக்காமல் சுவரில் பட்டுத் திரும்பும்படி வைத்தால் போதும். ஏசி இதற்கு எதிரானது. அறைக் காற்றிலுள்ள ஈரத்தைத்தான் அது சொட்டுச் சொட்டாக வெளியே வடித்துக்கொண்டிருக்கிறது. ஏசி அறையில் கலாத்தியா வாங்கி வைத்துவிட்டு இலை சுருள்கிறது என்று வருந்துபவர்கள் பலர்.

ஒத்தக்கடைத் தோட்டம்

திருநகர் அன்பர் சொல்வது சரி. நான் கூட்டமாக வைப்பதற்கான காரணம் வேறு. ஃபெலனாப்சிஸ் பெரும்பாலும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தொட்டியில்தான் விற்கப்படுகிறது. காலை வெயில் அந்தத் தொட்டியில் நேராகப் பட்டால் இலை தாங்கிக்கொண்டாலும் உள்ளே வேர் வெந்துவிடக்கூடும். முன்வரிசையில் குட்டையான பெப்பரோமியாத் தொட்டிகளை வைத்தால் வெயில் ஆர்க்கிட் இலைக்கு மட்டும் கிடைக்கும், தொட்டி நிழலில் இருக்கும். வெயில் படும்போது ஆர்க்கிட் இலையைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடு தெரிந்தால் இடம் மாற்றிவிட வேண்டும்.

கே.கே.நகர் சன்னல்

இருவருக்கும் நன்றி. அடுத்த அறையில் வடக்குப் பார்த்த சன்னலும் இருக்கிறது. வடக்குச் சன்னலில் நேர் வெயில் எப்போதும் வராது என்று படித்ததால், கலாத்தியாவையும் பெர்னையும் அங்கே வைத்து, கோடையில் மட்டும் ஃபெலனாப்சிஸையும் அங்கே மாற்றலாமா என்று யோசிக்கிறேன்.

அழகர்கோவில் சாலை

அம்மா, வடக்குச் சன்னலில் வெயில் வராது என்பது இலண்டனுக்கு ஓரளவு பொருந்தும், மதுரைக்குப் பொருந்தாது. நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 10 டிகிரியில் இருக்கிறோம். ஏப்ரல் நடுவில் ஒருமுறையும் ஆகஸ்ட் கடைசியில் ஒருமுறையும் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே நிற்கிறது. இடைப்பட்ட நான்கு மாதங்களுக்கும் மேலாக அது நமக்கு வடக்கே சாய்ந்துதான் போகிறது. நண்பகலில் மிக உயரத்தில் இருப்பதால் சன்ஷேடு அதைத் தடுத்துவிடும். ஆனால் மே, ஜூன், ஜூலையில் காலை எட்டு மணி வாக்கிலும் மாலை நான்கு மணிக்கு மேலும் வெயில் சாய்வாக வடக்குச் சன்னலுக்குள் நுழைகிறது. அதுவும் மாலை வெயில், நாள் முழுதும் சூடேறிய காற்றோடு சேர்ந்து வருவது. கலாத்தியா இலையை ஒரே வாரத்தில் காகிதமாக்க அது போதும்.

டிசம்பரில் நிலைமை தலைகீழ். வடக்குச் சன்னலில் நேர் வெயில் துளியும் இருக்காது; தெற்குச் சன்னலில் சூரியன் சாய்ந்து உள்ளே வரும். ஆகவே கோடையில் ஃபெலனாப்சிஸை வடக்கே கொண்டுபோவதாக இருந்தால், மாலையில் மட்டும் ஒரு மெல்லிய வெள்ளைத் திரையை இழுத்துவிடுங்கள், அல்லது சன்னலின் மேற்கு ஓரத்தில் உயரமான செடி ஒன்றை நிறுத்துங்கள். அந்த இடத்துக்கு ஸ்நேக் பிளாண்டை நான் பரிந்துரைப்பேன். அதற்கு வெயிலும் பொருட்டில்லை, தண்ணீர் குறைந்தாலும் பொருட்டில்லை, நிமிர்ந்து நின்று நிழலை மட்டும் கொடுக்கும்.

கொடிக்கால்

நான் சோழவந்தான் பக்கம். யாரும் சொல்லாத ஒரு செடியைச் சொல்கிறேன்: வெற்றிலை. வெற்றிலைத் தோட்டமான கொடிக்காலுக்குள் நுழைந்து பார்த்தவர்களுக்கு ஆர்க்கிட்டின் தேவை என்னவென்று தனியாக விளக்க வேண்டியதில்லை. அகத்தி வரிசையின் கீழே, சல்லடையில் சலித்தாற்போல் வெயில் விழ, காற்று ஈரமாகவும் கதகதப்பாகவும் நிற்கும். வெளியே மே மாத வெயில் அடிக்கும்போதும் உள்ளே அப்படித்தான் இருக்கும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற சோழவந்தான் வெற்றிலை அந்த நிழலில் விளைவதுதான். ஃபெலனாப்சிஸ் கேட்பதும் ஏறத்தாழ அதே ஒளியையும் அதே கதகதப்பையும்தான்.

ஒத்தக்கடை ஐயா பரிந்துரைத்த பெப்பரோமியாவும் வெற்றிலையும் மிளகும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பெப்பரோமியாவுக்கு நர்சரியில் விலை கொடுக்க வேண்டும். வெற்றிலைக் கொடி இரண்டு கணு விட்டு வெட்டி யாரிடம் கேட்டாலும் கொடுப்பார்கள். கிழக்குச் சன்னலின் பக்கவாட்டில் ஒரு தொட்டியில் நட்டு, தென்னைநார் சுற்றிய கம்பில் ஏற்றிவிடுங்கள். மண் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் தேங்கி நிற்கக் கூடாது.

இரண்டு எச்சரிக்கைகளும் உண்டு. வெற்றிலை கணுவுக்குக் கணு ஒட்டுவேர் விடும். பக்கத்தில் ஆர்க்கிட் தொட்டி இருந்தால் அதன் மட்டைத் துண்டுகளுக்குள் வேரை இறக்கிவிடும்; மணி பிளாண்டும் சிங்கோனியமும் இதையே செய்யும். கொடியின் நுனியை வாரத்துக்கொரு முறை கம்புப் பக்கம் திருப்பிக் கட்டினால் தொல்லையில்லை. மற்றொன்று, இது பறித்து வாயில் போடும் இலை. ஆர்க்கிட்டுக்கு எந்தப் பூச்சிமருந்து அடித்தாலும் கொடியை அந்த இடத்திலிருந்து அகற்றிய பிறகே அடிக்க வேண்டும்.

கே.கே.நகர் சன்னல்

வெற்றிலை எனக்குத் தோன்றவே இல்லை. என் மாமியார் மல்லிகைத் தொட்டி ஒன்றையும் உள்ளே கொண்டுவரலாம் என்கிறார்.

கொடிக்கால்

மல்லிகை வேண்டாம் அம்மா. அதற்கு நாள் முழுவதும் நேர் வெயில் வேண்டும். சன்னல் ஒளியில் கொடி நீளுமே தவிர மொட்டு வைக்காது. மாமியாருக்கு மாடியில் வைத்துக் கொடுங்கள்.

விளாங்குடி

தண்ணீரைப் பற்றியும் பேசிவிடலாம். மதுரையில் துணைச் செடியை முடிவு செய்வது வெயிலைவிடத் தண்ணீர்தான் என்பது என் கருத்து. எங்கள் தெரு போர்த் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டர் (கரைந்துள்ள உப்புகளை அளக்கும் கருவி) ஆயிரத்தைத் தாண்டிக் காட்டுகிறது. அந்தத் தண்ணீரை ஊற்றினால் முதலில் கலாத்தியாவின் இலை ஓரம் பழுப்பாகும், அடுத்துப் பாஸ்டன் பெர்னின் நுனி கருகும், பிறகு ஆர்க்கிட் வேரின் வெள்ளை உறைமேல் உப்புப் படிந்து வேர் நுனி கறுக்கும். அதே தண்ணீரில் ஸ்நேக் பிளாண்டும் மணி பிளாண்டும் அக்லோனிமாவும் பெரிய மாற்றமின்றி நிற்கின்றன.

ஆகவே நல்ல தண்ணீர் எவ்வளவு கிடைக்கும் என்று முதலில் கணக்கிட்டுவிட்டு, நுணுக்கமான செடிகளின் எண்ணிக்கையை அதற்குள் அடக்கிக்கொள்ளுங்கள். டிடிஎஸ் 200க்குள் இருந்தால் ஆர்க்கிட்டுக்கும் பெர்னுக்கும் கவலையில்லை. தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம் என்பதால் மாடியிலிருந்து இறங்கும் குழாய் எப்படியும் இருக்கும். முதல் மழையில் கூரைத் தூசி கழுவிப்போன பிறகு, ஐப்பசி, கார்த்திகையில் அந்தக் குழாயின் கீழே மூடியுள்ள டிரம் ஒன்றை வைத்துப் பிடித்துக்கொள்ளலாம். ஏசியிலிருந்து வடியும் தண்ணீரிலும் உப்பு மிகக் குறைவு, பெர்னுக்கு அதை ஊற்றுகிறேன். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரை மட்டும் எதற்கும் ஊற்றாதீர்கள். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் வந்து சேர்கிறது.

புதிய தேங்காய் மட்டைத் துண்டிலும் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டிய பிறகே பயன்படுத்த வேண்டும்.

திருநகர் மாடி

விளாங்குடி அன்பர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பெர்னுக்குத் தெளிப்பானால் தண்ணீர் அடிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. பக்கத்தில் ஃபெலனாப்சிஸ் இருந்தால் அந்தத் துளிகள் அதன் நடுக் குருத்தில் இறங்கித் தங்கிவிடும். ஃபெலனாப்சிஸ் ஒரே தண்டாக மேல்நோக்கி வளரும் செடி. அந்தக் குருத்து அழுகினால் வளர்வதற்கு அதனிடம் வேறு நுனி இல்லை. அடியிலிருந்து குட்டி விட்டுப் பிழைப்பது எப்போதாவதுதான் நடக்கும். காட்டில் அது பக்கவாட்டில் சாய்ந்து தொங்குவதால் மழைநீர் வழிந்துவிடுகிறது. தொட்டியில் நாம் நிமிர்த்தி நட்டு வைத்திருக்கிறோம். எனவே பெர்னைத் தெளிப்பதாக இருந்தால் குளியலறைக்குக் கொண்டுபோய்த் தெளித்துவிட்டுக் கொண்டுவாருங்கள், அல்லது காலையில் மட்டும் தெளித்து, குருத்தில் தேங்கிய நீரைத் துணி நுனியால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

பாஸ்டன் பெர்ன் நூல்போன்ற தண்டுகளை வெளியே நீட்டிப் பக்கத்துத் தொட்டியில் குட்டி வைக்கும். ஆர்க்கிட்டின் மட்டைத் துண்டுகளுக்கிடையே தீக்குச்சி உயரத்தில் சுருண்ட பச்சை நுனி தெரியும்போதே இரண்டு விரலால் பிடுங்கிவிட வேண்டும். விட்டுவிட்டால் அதன் கறுப்பு நார்வேர் ஆர்க்கிட் வேரோடு பின்னிக்கொண்டு, பிரிக்கப்போனால் இரண்டும் ஒடியும்.

அழகர்கோவில் சாலை

பிரோமிலியாட் பற்றி யாரும் பேசவில்லை. ஒளியிலும் வெப்பத்திலும் ஆர்க்கிட்டுக்கு மிகப் பொருத்தமானது அதுதான், நிறமும் பல மாதங்கள் நிற்கும். ஆனால் இலைகள் சேரும் நடுக்குழியில் தண்ணீர் நிற்கும் வகைகளில் ஏடிஸ் கொசு முட்டையிடும். டெங்கு உள்ள ஊரில் வீட்டுக்குள் அப்படியொரு கிண்ணத்தை வைத்துக்கொள்வது அறிவுடைமையாகாது. வைத்துத்தான் ஆக வேண்டுமென்றால் வாரம் ஒருமுறை செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பழைய நீரை முழுவதும் கொட்டிவிட்டுப் புது நீர் ஊற்ற வேண்டும். ஆர்க்கிட்டின் அழுகலுக்குக் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்னும் தாமிர மருந்தைத் தெளிப்பவர்கள் பிரோமிலியாட்டை அருகில் வைக்கவே கூடாது, தாமிரம் பட்டால் அது செத்துவிடும். டென்ட்ரோபியத்துக்கும் தாமிர மருந்து ஒத்துக்கொள்வதில்லை. தண்ணீர் தேங்காத டில்லாண்ட்சியா வகைகள் இருக்கின்றன, ஆனால் கூலர் இல்லாத வீட்டில் மே மாதத்தை அவை தாண்டுவது கடினம்.

மேலூர் பசுங்கூடம்

பூச்சியைப் பற்றி ஒரு சொல். ஹோயாவை எல்லோரும் புகழ்கிறீர்கள். மாவுப்பூச்சிக்கும் அது மிகவும் பிடித்த செடி என்பதை மறக்க வேண்டாம். மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைப் பாதுகாத்து, ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்கு இடம் மாற்றியும் வைக்கும். ஃபெலனாப்சிஸ் இலை தண்டைத் தழுவும் அந்த மடிப்புக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் வெளியே இருந்து தெரியாது. திண்டில் எறும்பு ஊர்வதைக் கண்டால் எறும்பை விரட்டுவதோடு நிறுத்தாமல், அது எந்தச் செடிக்குப் போகிறது என்று பின்தொடர்ந்து பாருங்கள். சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சுக் குச்சியால் ஒவ்வொரு மடிப்பையும் துடைத்தால் தொடக்கத்திலேயே கட்டுப்படும். கோடையில் கலாத்தியாவின் இலையடியில் சிவப்புச் சிலந்திப்பேன் வரும். வறண்ட சூட்டில் அது பெருகி ஆர்க்கிட்டுக்கும் தாவும். புதிதாக வாங்கிய எந்தச் செடியையும் இரண்டு மூன்று வாரம் வேறு அறையில் வைத்துக் கவனித்த பிறகே இந்தக் கூட்டத்தில் சேருங்கள்.

உரத்துக்கும் ஒன்று: தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள, கடையில் கிடைக்கும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு அரை கிராம் என்ற அளவில் கரைத்தால் ஆர்க்கிட், இலைச்செடி இரண்டுக்கும் ஒரே கரைசல் போதும். உலர்ந்த வேரில் ஊற்றாமல், வெறும் தண்ணீரால் நனைத்த பிறகு ஊற்ற வேண்டும்.

கே.கே.நகர் சன்னல்

கொடைக்கானலிலிருந்து உறவினர் சிம்பிடியம் ஆர்க்கிட் ஒன்று கொண்டுவருவதாகச் சொல்கிறார். அதையும் இந்தக் கூட்டத்தில் சேர்க்கலாமா?

ஒத்தக்கடைத் தோட்டம்

வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கொடைக்கானல் 2,000 மீட்டருக்கும் மேலே இருக்கும் ஊர். பெருமலர்ச் சிம்பிடியம் மொட்டு வைக்க அந்த ஊர்க் குளிரிரவுகள் வேண்டும். இங்கே இலை மட்டும் தழைக்கும். ஃபெலனாப்சிஸுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பகலும் இரவும் 28 டிகிரிக்கு மேலேயே இருந்தால் அது பூத்தண்டு விடாது. நம் ஊரில் அந்த வெப்பம் நன்றாக இறங்குவது மார்கழி, தை இரவுகளில்தான். அந்த இரண்டு மாதமும் இரவில் சன்னலைத் திறந்து வையுங்கள். உயரமான துணைச் செடிகளைச் சன்னலுக்கும் ஆர்க்கிட்டுக்கும் நடுவில் அடைத்து நிறுத்தாதீர்கள். நான் செடிகளைக் கூட்டமாக நெருக்குவது பங்குனியிலிருந்து ஆடிவரைதான். அதன் பிறகு இடைவெளி விட்டு அகற்றி வைத்துவிடுவேன்.

விளாங்குடி

பூத்தண்டு வந்த பிறகு அதே அறையில் பழுத்த வாழைத்தாரையோ மாம்பழக் கூடையையோ வைக்காதீர்கள். பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயுவால் ஆர்க்கிட் மொட்டுகள் மஞ்சளாகி உதிரும். புகையிலும் எத்திலீன் உண்டு என்பதால் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போதும் சன்னலைத் திறந்துவைப்பது நல்லது. இலைச்செடிகளுக்கு இதனால் பெரிதாக ஒன்றும் தெரியாது. அவை நன்றாக இருப்பதைப் பார்த்து ஆர்க்கிட்டுக்கு மட்டும் என்ன வந்தது என்று குழம்ப வேண்டாம்.

பூனை வளர்ப்பவர்

இந்த இழையை முழுவதும் படித்தேன். வீட்டில் பூனையும் தவழும் குழந்தையும் இருக்கின்றன. பேசப்பட்ட செடிகளில் எவற்றைத் தவிர்க்க வேண்டும்?

மேலூர் பசுங்கூடம்

பீஸ் லில்லி, மணி பிளாண்ட், அக்லோனிமா, சிங்கோனியம், ஆந்தூரியம் ஆகியவை எல்லாம் சேம்பின் குடும்பம். கடித்தால் இலையிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் வாயிலும் தொண்டையிலும் குத்தி எரிச்சலையும் வீக்கத்தையும் உண்டாக்கும். பச்சைச் சேம்பு நாக்கில் அரிப்பதும் இதனால்தான். ஸ்நேக் பிளாண்டும் பூனையின் வயிற்றுக்கு ஆகாது. ஃபெலனாப்சிஸ், பெப்பரோமியா, ஹோயா, பாஸ்டன் பெர்ன், பறவைக்கூடு பெரணி, கலாத்தியா, ஆப்பிரிக்க வயலட் ஆகியவற்றால் பூனைக்கு நஞ்சு இல்லை. திண்டு தாழ்வாக இருந்தால் இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பூனை பெர்னைக் கடித்துக் குதறுவதை மட்டும் என்னால் தடுக்க முடிந்ததில்லை, அதைக் கூரைக் கொக்கியில் தொங்கவிட்டிருக்கிறேன்.